சிறைக்கூடத்தில் தப்பும் கூத்தும்: வளர்ந்தோர் கல்வியில் இசைக்கு உள்ள இடம்

தோட்டத்துத் தப்புக்கு இரண்டு வேலை. விடியுமுன் லயங்களை எழுப்பி, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஆள் சேர்க்க அடித்தது ஒன்று. மாசி பிறந்தால் காமன் கூத்துக்கும், மாரியம்மன் திருவிழாவுக்கும், சாவு விழுந்தால் அந்த வீட்டு வாசலிலும் அடித்தது மற்றொன்று. தோல் ஒன்றுதான், பல தோட்டங்களில் அடித்த ஆளும் ஒருவர்தான். ஆனால் பிரட்டுத் தப்பு கேட்டுப் போகாதவருக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், கிடையாது. காமன் கூத்துத் தப்புக்கு அப்படி எந்த மிரட்டலும் தேவைப்படவில்லை. பால்வெட்டி முடித்துக் களைத்து வந்தவர்களே இரவு முழுக்கக் கண் விழித்து ஆடினார்கள். சிறைக்குள் வளர்ந்தவர்களுக்கு இசையையும் ஆடலையும் கற்பிப்பது பற்றி உலகத்தில் பல நாடுகளில் நடந்த முயற்சிகளைப் பார்க்கும்போது, அவை எல்லாமே இந்த இரண்டு தப்பில் ஏதாவது ஒன்றின் பக்கம் போய் நிற்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே பாட்டு, ஒரே ஆட்டம், ஓரிடத்தில் ஏவலாகவும் இன்னோரிடத்தில் கல்வியாகவும் ஆகிவிடுகிறது. எது எப்போது எதுவாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வரக்காப்பொலையிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்ட மக்களுக்குச் சிறை என்பது புதிதாக வந்த ஒன்றல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. பிடித்து மறியலில் போடலாம். கடனைக் குறித்துக் கொடுக்கும் துண்டு முறையும் கடனும் அவர்களைத் தோட்டத்தோடு கட்டிவைத்தன, கட்டறுத்தால் நீதிமன்றம். 1921ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் இது நடந்தது. களவோ கொலையோ செய்யாமல், பசி தாங்காமல் வேறு தோட்டத்துக்கு நடந்ததற்காகவே சிறைப்பட்ட தலைமுறைகள் எங்களுக்கு உண்டு. இன்றைக்குச் சிறைக்குப் போகும் பேரப்பிள்ளைகளின் வழக்குகள் வேறு: கசிப்பு, போதைப்பொருள், சண்டை, கட்ட முடியாத தண்டப்பணம். ஆனாலும் ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்று ஒருவனை ஒரேயடியாகத் தள்ளிவிட நாம் தயங்க வேண்டிய வரலாறு பின்னால் இருக்கிறது.

சிறையில் கலை எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சட்ட மொழியில் பதில் எப்போதோ சொல்லியாயிற்று. கைதிகளை நடத்துவதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் சபை 1990இல் ஏற்றபோது, பண்பாட்டு நடவடிக்கைகளிலும் கல்வியிலும் பங்கெடுப்பது எல்லாக் கைதிகளுக்கும் உரிய உரிமை என்று எழுதியது. அதற்கு ஓராண்டு முன்னர், சிறைக்கல்வி பற்றி ஐரோப்பிய சபை வெளியிட்ட பரிந்துரை, படைப்பாக்கக் கலைகளுக்குக் கணிசமான இடம் கொடுக்கவேண்டும் என்றது. 2015இல் திருத்தி ஏற்கப்பட்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 104ஆவது விதி கல்வியைச் சொல்கிறது. எழுத்தறிவில்லாதோருக்கும் இளையோருக்கும் அது கட்டாயம் என்கிறது. அடுத்ததான 105ஆவது விதி, எல்லாச் சிறைகளிலும் பொழுதுபோக்குக்கும் பண்பாட்டு நடவடிக்கைகளுக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறது. இலங்கைச் சிறைகளோ இன்னும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் மேல்தான் நிற்கின்றன. அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் கைதியின் உடம்பு கல்லுடைப்பதற்கு இருந்தது.

கல்லுடைத்த இடத்திலும் பாட்டு இருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலச் சிறைப் பண்ணைகளில் கறுப்பினக் கைதிகள் கோடரி வீச்சுக்கும் மண்வெட்டி விழுவதற்கும் தாளம் வைத்துப் பாடினார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. தாளம் பிசகினால் பக்கத்தில் நிற்பவனின் காலில் கோடரி விழும். பின்தங்கியவனைக் காவலன் அடிப்பான். ஆகவே அந்தப் பாட்டு ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் வழி. அலன் லோமக்ஸ் 1959இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் பதிவுசெய்த பாட்டொன்றை ஜேம்ஸ் கார்ட்டர் என்ற கைதி முன்னின்று பாடியிருந்தார். 2000இல் அது ஒரு திரைப்படத்தின் இசைத்தட்டில் சேர்ந்து பல இலட்சம் பிரதிகள் விற்றது. அவரைத் தேடிக் கண்டுபிடித்து 2002இல் 20,000 டொலர் காசோலையைக் கையில் கொடுத்தபோது, தான் அந்தப் பாட்டைப் பாடியதே அவருக்கு நினைவில்லை. எடுத்துக்கொடுப்பதும் வாங்கிப் பாடுவதுமான அந்த முறை எங்கள் மக்களுக்கும் தெரிந்ததுதான். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலைப் புரட்டினால், கங்காணியையும் துரையையும் பற்றி நேரே சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிவிட்டுப் போன குரல்களைக் காணலாம். யாரும் கற்றுக்கொடுக்காமலே, வேலை நடக்கும் இடத்திலேயே உருவான கல்வி அது. சிறைக்கல்வியாளர்கள் இதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பேன். கைதி ஏதும் தெரியாதவராக உள்ளே வருவதில்லை. அவர் காதிலும் காலிலும் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது.

திட்டமிட்ட பாடமாக ஆடலைச் சிறைக்குள் கொண்டுபோனவர்களில் நம் பக்கத்தில் பெரிய பெயர் கொல்கத்தாவின் அலோகானந்தா ரோய். ஒடிசி நடனக் கலைஞர். 2007இல் அனைத்துலகப் பெண்கள் நாளையொட்டிப் பிரெசிடென்சி சிறைக்கு விருந்தினராகப் போனவர், அங்கே ஆண் கைதிகள் குனிந்த தலையோடும் தொங்கிய தோளோடும் நடந்ததைக் கண்டு, அவர்களுக்கு ஆடல் கற்பிக்க அனுமதி கேட்டார். மேற்கு வங்கம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சிறைகளைத் திருத்தநிலையங்களாக மாற்றும் எண்ணத்தில் இருந்த மாநிலம்; சிறைத்துறை மேலதிகாரியான பி.டி. சர்மா துணை நின்றார். ஆடுவது பெண்களின் வேலை என்று ஆண்கள் முதலில் பின்வாங்கினார்கள். ரோய் ஒடிசி முத்திரைகளோடு தொடங்கவில்லை. போர்க்கலை அசைவுகளும் கிராமத்து ஆட்டங்களும் மேளமும் கொண்டு தொடங்கினார். பழைய தழும்புகள் உள்ள, சண்டை தெரிந்த உடம்புகளுக்கு அது பழகிய மொழி.

பிறகு தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வை எடுத்தார். 1881இல் தாகூர் தம் இருபதாவது வயதில் எழுதி, தாமே வால்மீகியாக நடித்த இசைநாடகம் அது. இரத்தினாகரன் என்ற கொள்ளைக்காரன் மனம் மாறிக் கவி வால்மீகியாகிற கதை. நைஜல் அக்கரா என்ற கைதி இரத்தினாகரனாக ஆடினார். சிறைச் சுவருக்குள் மட்டும் நிற்காமல், நகரத்து அரங்குகளுக்கும் வெளியூர்களுக்கும் கைதிகளை அழைத்துப்போய் ஆடவைத்தார்கள். அக்கரா விடுதலையாகி 2012இல் ‘முக்தோதாரா’ திரைப்படத்தில் ஏறக்குறையத் தம் கதையையே நடித்தார். பிறகு தொழில் தொடங்கிச் சிறைமீண்ட மற்றவர்களுக்கும் வேலை கொடுத்தார். கைதிகள் ரோயை ‘மா’ என்றே கூப்பிட்டார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் ஒரு தாயின் அன்பு செய்த அதிசயம் என்று எழுதுகிறார்கள். அன்பு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது நாள்தோறும் நடந்த ஒத்திகை. ஐம்பது அறுபது பேர் ஒரே மேடையில் ஆடவேண்டுமென்றால் ஒருவர் இடம் விட்டு மற்றவர் நகரவேண்டும், கூட ஆடுபவரின் மூச்சைக் கேட்கவேண்டும், பிழைத்தால் திரும்ப ஆடவேண்டும், வேறொருவர் பிழைத்ததற்காகவும் தான் திரும்ப ஆடவேண்டும். சிறையில் பக்கத்து ஆள் என்றால் ஆபத்து என்றே உடம்பு பழகியிருக்கும். முதுகைக் காட்டி நிற்கப் பயம். அந்த முதுகை இன்னொருவரிடம் நம்பிக்கொடுத்துச் சுழலக் கற்பது எந்தக் கரும்பலகையிலும் எழுதிக் காட்டமுடியாத பாடம். ஆடல் பல சிறைகளில் பாட்டைவிட அபூர்வமாக இருப்பதற்கும் இதுவே காரணமாயிருக்கலாம். நிர்வாகம் கைதியின் உடம்பை எண்ணுகிறது, சோதனை போடுகிறது, வரிசையில் நிறுத்துகிறது. அந்த உடம்பு தானாக நகர்வதை அது எளிதில் விரும்பாது.

நகரட்டும், ஆனால் நாம் சொன்னபடி நகரட்டும் என்று நினைத்த சிறையும் உண்டு. பிலிப்பைன்ஸின் செபு மாகாணச் சிறையில் 1,500க்கு மேற்பட்ட கைதிகள் செம்மஞ்சள் உடையில் மைக்கல் ஜாக்சனின் ‘திரில்லர்’ பாட்டுக்கு ஆடிய காணொளி 2007 ஜூலையில் இணையத்தில் ஏறி, கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். சிறைப் பொறுப்பில் இருந்த பைரன் கார்சியா தேகப்பயிற்சியை இசையோடு சேர்த்துத் தொடங்கியது அது. சண்டைகள் குறைந்தன, உடம்பு நன்றாயிற்று என்றார்கள், நம்பலாம். ஆடியவர்களில் பலர் தங்களைப் பார்த்து உலகம் கைதட்டியதில் உண்மையாகவே மகிழ்ந்தார்கள் என்பதையும் மறுக்கக்கூடாது. ஆனால் எந்தப் பாட்டு, எந்த அசைவு, யார் பார்ப்பது என்று எதையும் அவர்கள் தீர்மானிக்கவில்லை. அவர்களில் பெருந்தொகையினர் வழக்கு முடியாமல் காத்திருந்தவர்கள், தண்டனை பெறாதவர்கள். மாதாந்தம் உல்லாசப் பயணிகள் வந்து மேலே நின்று பார்த்தார்கள். இதைக் கல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதன் கடைசி எல்லை எங்கே என்று வரலாறு காட்டியிருக்கிறது: அவுஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் வாத்தியக்குழு வாசலில் நின்று வாசிக்க, மற்றக் கைதிகள் அந்தத் தாளத்துக்கு அணிநடை போட்டு வேலைக்குப் போனார்கள். செபுவையும் அவுஷ்விட்ஸையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். இசை என்றாலே நன்மை என்று கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

இதற்கு மறுதலையாக, அமைப்பிலேயே சமத்துவம் உள்ள வாத்தியத்தைத் தேடிப் போனார்கள் பிரித்தானியாவில். ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற அமைப்பு 2003 முதல் ஜாவாவின் கமெலான் வாத்தியக் கூட்டத்தைச் சிறைகளுக்குள் கொண்டுபோகிறது. வெண்கலக் கிண்ணங்களும் தட்டுகளும் தொங்கும் மணிகளும் கொண்ட அந்தத் தொகுதியில் யாரும் தனி வித்துவான் இல்லை. நடத்துநர் கோலோடு முன்னே நிற்பதுமில்லை. இசையே தெரியாதவர் முதல் நாளே ஒரு தட்டில் தம் அடியைப் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் ஒரு வாரப் பயிற்சி. கடைசி நாள் சிறை ஊழியருக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் தாங்களே ஆக்கியதை வாசிப்பது. ஒரு வாரத்தில் தொடங்கி முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு அது முக்கியமான விடயம், பின்னால் வருகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேரி கோஹன் 2009இல் தொடங்கிய ஓக்டேல் பாடகர் குழுவில் பாதிப்பேர் கைதிகள், பாதிப்பேர் வெளியிலிருந்து வந்த சாதாரண ஊர்மக்கள். பக்கத்தில் நின்று பாடியவர் என்ன குற்றம் செய்தார் என்று தெரியாமலே ஒரே சுருதியில் நின்றார்கள். நியூயோர்க்கில் கார்னகி மண்டபம் 2011இல் தொடங்கிய தாலாட்டுத் திட்டம் ரைக்கர்ஸ் தீவுச் சிறைவரை போனது. பிள்ளையைப் பிரிந்திருக்கும் தாய் இசைக்கலைஞர் ஒருவரோடு உட்கார்ந்து தன் பிள்ளைக்கென்றே ஒரு தாலாட்டு எழுதுகிறாள். மலாவியின் சோம்பா சிறைக் கைதிகளும் காவலர்களும் பாடிய இசைத்தட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வறுமையான, நெரிசலான சிறையிலும் இது முடியும் என்பதற்காக அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பலன் உண்டா? பணம் கொடுக்கும் அரசுகள் எப்போதும் கேட்பது, வெளியே போனவர் திரும்பி வந்தாரா இல்லையா என்பதை. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013இல் அமெரிக்க ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து, சிறையில் ஏதாவது கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்தில் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 வீதம் குறைவு என்று கணக்கிட்டது. அது பொதுவாகக் கல்விக்கு. இசைக்கு மட்டும் உரியதல்ல. கலிஃபோர்னியாவில் 1977இல் ஒரு சிறையில் தொடங்கிய கலைத்திட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, லாரன்ஸ் புரூஸ்டரின் 1983ஆம் ஆண்டு ஆய்வு செலவைவிட நன்மை அதிகம் என்று காட்டியும்கூட, 2010இல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டு 2014இல்தான் மீண்டது. இந்த வகை ஆய்வுகளில் ஒரு சிக்கல் எப்போதும் இருக்கிறது: கலை வகுப்புக்குத் தானாகப் பேர் கொடுத்து வருபவர் ஏற்கெனவே மாற விரும்புகிறவராக இருக்கக்கூடும். ஆகவே திரும்பி வந்தவர் கணக்கைப் பிடித்துக்கொண்டு இசையை ஆதரிப்பது பலவீனமான வாதம். ஸ்கொட்லாந்தில் 2010இல் நடந்த கலைத்திட்டத்தை லின் டெட் முதலானோர் ஆராய்ந்து சொன்னது எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. பள்ளிக்கூடத்தில் தோற்று, படிப்பு என்றாலே வெறுத்துப்போன வளர்ந்தவர்கள், பாட்டு எழுதவும் நாடகம் நடிக்கவும் வந்த பிறகு வாசிக்கவும் எழுதவும் மெல்ல முன்வந்தார்கள். தன் பாட்டின் அடிகளை மறக்காமல் வைத்திருக்க வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும். அங்கிருந்து எழுத்து ஒரு அவமானமாக இல்லாமல் தேவையாகிறது. ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த ஒரு முப்பது வயது மனிதனை மறுபடி பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு முன்னால் உட்காரவைப்பதைவிட இது எவ்வளவோ மரியாதையான வாசல்.

இலங்கைக்கு வருவோம். எங்கள் சிறைகளில் உத்தியோகபூர்வக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆட்கள். 2020 நவம்பரில் மகர சிறையில் 11 பேர் உயிரிழந்த கலவரத்துக்கு நெரிசலும் கொரோனா அச்சமும் பின்னணி. முறை வைத்துத் தூங்கும் இடத்தில் ஆடுவதற்குத் தரை எங்கே என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. உள்ளே இருப்பவர்களில் விளக்கமறியல் கைதிகள் பெருந்தொகை. தண்டனை பெற்று வருபவர்களிலும் மிகப் பலர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுப் போகிறவர்கள். கொல்கத்தா மாதிரி ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது நீண்டகாலக் கைதிகள் உள்ள வெலிக்கடை போன்ற இடத்துக்குப் பொருந்தலாம். மாவட்டச் சிறைகளுக்குப் பொருந்தாது. கமெலானின் ஒரு வாரக் கணக்கு இங்கேதான் நினைவுக்கு வரவேண்டும். நெரிசலுக்கு இன்னொரு வழி வானொலி. இந்தியாவின் ஆக்ரா மாவட்டச் சிறையில் 2019இலிருந்து கைதிகளே நடத்தும் வானொலி, வகுப்பறைக்கு வரமுடியாதவர்களின் அறைகளுக்குள்ளும் பாட்டையும் பேச்சையும் கொண்டுபோகிறது.

முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். வட்டரெக்கவில் இளங்கைதிகளுக்கென முறையான பாடசாலையாகச் சுனீத வித்தியாலயம் நடக்கிறது. வெசாக் காலத்தில் கைதிகள் கூடு கட்டுகிறார்கள், பக்திப் பாடல் பாடுகிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் சிங்களத்தில், பௌத்தச் சூழலில் நடக்கின்றன. கேகாலையிலோ குருவிட்டையிலோ அடைபட்டிருக்கும் தோட்டத்துத் தமிழருக்கு வழக்கும் சிங்களம், உத்தரவும் சிங்களம், தமிழ் நன்றாகத் தெரிந்த உத்தியோகத்தர் ஓரிருவர் இருந்தால் அதிர்ஷ்டம். பாட்டும் சிங்களத்தில் மட்டும் என்றால் அவர் மூலையில் உட்கார்ந்து கேட்கும் ஆளாகத்தான் இருப்பார்.

வரக்காப்பொலைக்குப் பக்கத்திலேயே, குருநாகல் வீதி பிரியும் அம்பேபுஸ்ஸவில், இன்னொரு வகைத் தடுப்பும் இருந்தது. உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டுகளில் சரணடைந்த, பிடிபட்ட இளையோரை வைத்திருந்த புனர்வாழ்வு நிலையம் அது. 2009இல் போர் முடிந்தபின் நாடெங்கும் ஏறக்குறைய 12,000 பேர் இப்படிப்பட்ட நிலையங்களின் வழியாகப் போனார்கள். அவர்களில் சிறுவர் போராளிகள் 594 பேர். கல்வி, தொழிற்பயிற்சி, ஆன்மிகம், விளையாட்டு இவற்றோடு உளவளமும் படைப்பாக்கக் கலைகளும் அந்தப் புனர்வாழ்வுத் திட்டத்தின் ஆறு கூறுகளுக்குள் ஒன்றாகக் காகிதத்தில் இருந்தது. ஏழாவதாகச் சமூகத்தோடு சேர்த்தல். பாட்டும் ஆட்டமும் அந்த நிலையங்களில் நடந்தன. அதனால் சில பிள்ளைகளுக்கு மூச்சுவிட முடிந்திருக்கும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நீதிமன்றத்தாலும் தண்டிக்கப்படாதவர்கள், விடுதலைத் திகதி தெரியாதவர்கள். எப்போது வெளியே விடுவது என்று தீர்மானிப்பவரே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஆடுகிறவர் எதற்காக ஆடுகிறார் என்று யாரால் சொல்லமுடியும்? சிறைக்கலையின் முதல் விதியாக நான் இதை வைப்பேன்: வகுப்புக்கு வருவதும் வராததும் கைதியின் விடுதலையையோ சலுகையையோ தொடக்கூடாது. மேடையேற மறுக்கும் உரிமை ஆடுகிறவருக்கு இருக்கவேண்டும்.

அப்படியானால் தமிழ்க் கைதிக்கு எதைக் கற்பிப்பது? பரதநாட்டியமும் கர்நாடக இசையும் உயர்ந்தவை. ஆனால் அவற்றுக்கு ஆண்டுகள் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவரிடம் காமன் கூத்து இருக்கிறது. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமிவரை ஏறத்தாழ இரண்டு வாரம். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போகிறான், போகாதே என்று ரதி தடுக்கிறாள், நெற்றிக்கண் திறக்க அவன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், பிறகு அவள் கேட்க உயிர் வருகிறது. தூதன், வீரபத்திரன், எமன் என்று சின்னச் சின்ன வேடங்கள் பலருக்குக் கிடைக்கும். ரதி வேடம் கட்டுவதும் ஆண்தான். வேடம் கட்டுபவர் விரதம் இருக்கவேண்டும், சொன்ன நேரத்துக்கு ஒத்திகைக்கு வரவேண்டும், கூத்து வாத்தியாரின் வார்த்தையை மீறக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை எந்தச் சிறை அதிகாரியும் விதிக்கவில்லை. கூத்துக்காரரே பரம்பரையாகத் தமக்கு விதித்துக்கொண்டது. ரதியின் புலம்பலைப் பாடும் மனிதன் வெளியே தன் மனைவி என்ன பாடுபடுகிறாள் என்பதை முதன்முதலாக அவள் பக்கமிருந்து நினைக்கிறான். எந்தப் புத்திமதிப் பேச்சும் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தாது.

குற்றவாளி தன் கதையைத் தானே பாடுவதற்கென்றே தமிழில் ஒரு வடிவமும் இருக்கிறது. நொண்டி நாடகம். தாசியிடம் பொருளை இழந்தவன் குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் காலும் கையும் வெட்டப்பட்டு, அரங்கில் நொண்டிக்கொண்டே வந்து தன் வாழ்க்கையைச் சிந்தில் பாடுவான். கடைசியில் தெய்வ அருளால் உறுப்பு திரும்ப வரும். திருச்செந்தூர் முருகனுக்கும் உண்டு, சீதக்காதிக்கும் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்துகளைப் புதுப்பித்து மேடையேற்றியபோது நொண்டி நாடகத்தையும் எடுத்தார். தோட்டங்களில் கும்பிடும் மதுரை வீரனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர்தான். தண்டனை பெற்றவனைச் சாமியாக்கி வணங்கும் மக்களுக்குச் சிறைமீண்டவனை ஏற்பது பற்றி வெளியிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பழைய கதையை அப்படியே ஆடவைத்தால் அதிலும் ஆபத்து இருக்கிறது. நொண்டி நாடகத்தில் எல்லாப் பழியும் தாசி மேல் போகிறது. காமன் கூத்தில் பெண் அழுவதற்கே வருகிறாள். மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்மக்களும் செய்த கூத்து மீளுருவாக்கம் இதற்கு வழி காட்டுகிறது. ஆடுகிறவர்களே உட்கார்ந்து பேசி, சாதியையும் பெண்ணையும் இழிவு செய்யும் இடங்களை விவாதித்து, அடிகளைப் புதிதாக எழுதி ஆடினார்கள். சிறையில் அந்தப் பேச்சே பாதிக் கல்வி. இந்தக் களவுக்கு உண்மையில் யார் காரணம், கடன் எங்கிருந்து வந்தது, தாசிக்கு என்ன வழி இருந்தது என்று பத்துப் பேர் வாதாடி நான்கு அடி சிந்து கட்டும்போது, சட்டமும் வரலாறும் கணக்கும் உள்ளே வந்துவிடும். அதே சமயம் ஒவ்வொரு கைதியும் மேடையில் அழுது மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதையும் விடவேண்டும். சிரிப்பூட்டும் தூதனாக ஆட விரும்புகிறவர் அப்படியே ஆடிவிட்டுப் போகட்டும். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பம் இதைப் பார்த்து, எங்கள் பிள்ளை மண்ணுக்குள்ளே, இவன் மேடையிலா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முன்னால் தலைகுனியத்தான் வேண்டும். வெளிமேடைகளையும் புகைப்படங்களையும் இதனாலேயே அளவோடு வைக்கவேண்டும். வகுப்பு மேடைக்காக அல்ல என்று நிர்வாகமும் கலைஞரும் முதலிலேயே முடிவு செய்துகொண்டால் இந்தக் காயம் குறையும்.

நடைமுறைச் சிக்கல்கள் சிறியவை போலத் தெரியும், ஆனால் அவற்றில்தான் திட்டங்கள் செத்துப்போகும். தப்பை எடுத்துக்கொள்வோம். மரவளையத்தில் இழுத்து ஒட்டிய தோல், மலைக்குளிரிலும் ஈரத்திலும் தளர்ந்துபோகும். அடிப்பதற்கு முன் சருகையோ வைக்கோலையோ கொளுத்தி அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறும்வரை காய்ச்சவேண்டும். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் தடித்த கட்டைக் குச்சி. நெருப்பு, குச்சி, காலில் சலங்கை, வேடத்துக்குக் கயிறு, முகத்துக்குப் பூச்சு: சிறைக் காவலரின் கண்ணில் இவை எல்லாமே தடைப்பட்ட பொருட்கள். செயற்கைத் தோல் போட்ட தப்பு இப்போது வந்துவிட்டது. அதற்கு நெருப்பு வேண்டாம், தொனி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. குச்சிகளைத் தச்சுப் பட்டறையில் உளியைக் கொடுப்பதுபோல எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கலாம். அதுவும் முடியாத இடத்தில் கும்மியும் கைத்தாளமும் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தப்புக்குச் சாதி ஒட்டியிருக்கிறது. தோட்டத்தில் யார் அடித்தார்கள், யார் அடிக்கச் சொல்லிவிட்டு விலகி நின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறைக்குள்ளும் அதே ஆட்கள் கையில் தப்பைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வேடம் கட்டப் போனால், நாம் கற்பித்தது பழைய பாடத்தைத்தான். எல்லோரும் தப்படிக்கப் பழகவேண்டும், எல்லோரும் துப்புரவாக்கித் துடைத்து வைக்கவேண்டும் என்பது முதல் நாளே சொல்லவேண்டிய ஒழுங்கு.

பெண்கள் பகுதியில் வேறு யோசனை வேண்டும். இலங்கைச் சிறைகளில் சின்னப்பிள்ளைகளைத் தாயோடு வைத்திருக்க அனுமதி உண்டு. மற்றப் பெண்களின் பிள்ளைகள் லயத்தில் பாட்டியிடம் இருக்கின்றன. கொழுந்துக் கூடையோடு பாடிய வாய்களுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரைக்கர்ஸ் தீவில் செய்ததுபோல அவர்கள் கட்டும் தாலாட்டைப் பதிவுசெய்து வீட்டுக்கு அனுப்ப ஒரு கைத்தொலைபேசியும் நிர்வாகத்தின் அனுமதிக் கையெழுத்தும் போதும். ஒப்பாரியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: அது திறந்துவிடும் துயரத்தைத் தாங்கப் பக்கத்தில் உளவளத்துணையாளர் ஒருவர் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சபரகமுவையில் தொடங்குவதானால் பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. குறுகிய காலக் கைதிகளுக்கு இரண்டு வாரக் கூத்து வகுப்பு, தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும், முடிந்தால் இரண்டையும் சேர்த்து. பராக்கிரம நிரியெல்லவின் மக்கள் களரிக் குழு இரு மொழிக் கலைஞரையும் ஒரே மேடையில் வைத்துப் பல ஆண்டுகளாக ஆடிக்காட்டியிருக்கிறது. அந்த அனுபவம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கற்பிப்பதற்கு யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் உயிரோடிருக்கும் கூத்து வாத்தியார்களைக் கூப்பிடவேண்டும். அவர்களில் பலர் வயதானவர்கள். இந்தக் கலை அவர்களோடு போய்விடும் என்று கவலைப்படுகிறவர்கள் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடுகிறார்கள். சிறைச்சாலைத் திணைக்களம் தையல், தச்சு வேலை கற்பிக்க வருபவரை எந்த மரியாதையில் வைக்கிறதோ, அதே மரியாதையில், வருகைதரு போதனாசிரியர் என்ற பதவிப் பெயரோடு, நாட்சம்பளமும் பஸ் காசும் கொடுத்து வாத்தியாரை உள்ளே விடவேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்குக் கிடைப்பதைவிட அந்தச் சம்பளம் குறையக்கூடாது. பால்வெட்டை விட்டுவிட்டுத்தான் அவர் வரவேண்டியிருக்கும்.